பியட் காரின் சக்கரங்களுக்கு வெள்ளை வளையம் செய்த கதை

எங்கள் வீட்டில் நிற்கும் 1968-ஆம் ஆண்டு பியட் 1100 டிலைட்டின் நான்கு சக்கரங்களிலும் இப்போது 45 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை வளையம் சுற்றியிருக்கிறது. அவை கடையில் வாங்கியவை அல்ல. களியக்காவிளை தாண்டி, கேரளப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய ரப்பர்ப் பட்டறையில் தகடாக அழுத்தி எடுத்து, குலசேகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வட்டமாக வெட்டி, மார்த்தாண்டத்தில் ஒரு டயர்க் கடையில் மாட்டியவை. இந்த வண்டிக்குரிய 5.20-14 அளவு டயர் எனக்குக் கிடைத்ததெல்லாம் முழுக் கறுப்பில்தான். வெள்ளை விளிம்போடு வெளிநாட்டிலிருந்து தருவிக்க எனக்குக் கட்டுபடியாகாது. அதனால் நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். இரண்டு முறை தவறிய பிறகே சரியாக வந்தது. அந்தத் தவறுகள்தாம் எனக்கு டயரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தன என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஸ்டெப்னியில் பெயிண்ட் அடித்துப் பார்த்தேன். டயரின் பக்கச்சுவரைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, வீட்டுக் கதவு ஜன்னலுக்கு அடிக்கும் வெள்ளை எனாமலை இரண்டு பூச்சுப் பூசினேன். அன்று மாலை பார்க்க அழகாகவே இருந்தது. அதைப் பின் சக்கரத்தில் மாட்டிப் பேச்சிப்பாறை வரை போய்த் திரும்பியபோது, வளையம் முழுவதும் ஆரம் ஆரமாக மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுந்திருந்தன. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. டயர்க் கடை அண்ணாச்சியிடம் காட்டியபோது அவர் ஒரே வாக்கியத்தில் காரணத்தைச் சொன்னார்: "மக்களே, டயரு ஒவ்வொரு சுத்துக்கும் ஒருதரம் அமுங்கி நிமிரும், உன் பெயிண்டு நிமிருமா?" தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் பிதுங்கி, தரையை விட்டதும் பழைய நிலைக்கு வருகிறது. இந்த வண்டியின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 530 சுற்றுகள் சுற்றுகிறது என்றால், காய்ந்து இறுகும் எந்தப் பூச்சும் அங்கே நிலைக்காது என்பது கணக்குப் போட்டாலே விளங்கும்.

எனவே இரண்டாவது முறை, மொட்டைமாடியில் நீர்க்கசிவைத் தடுக்க அடிக்கும், ரப்பர் போல நீளக்கூடிய அக்ரிலிக் பூச்சைத் தேர்ந்தெடுத்தேன். எனாமலைச் சுத்தமாகச் சுரண்டி, 120 எண் உப்புத்தாளால் பக்கச்சுவரின் பளபளப்பை மட்டும் எடுத்து, தின்னர் நனைத்த துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடைத்து, மெல்லிய பூச்சாக நான்கு தடவை அடித்தேன். இது வெடிக்கவில்லை. ஆனால் மூன்றே வாரத்தில் வெள்ளை மங்கி, முதலில் வெண்ணெய் நிறமாகி, பிறகு பால் குறைந்த தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. செம்மண் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக் கழுவினேன், போகவில்லை. கறை வெளியிலிருந்து வந்ததல்ல, டயரின் உள்ளிருந்து வந்தது.

இந்த இடம்தான் முழு வேலையின் மையம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காற்றில் உள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிக்கச் செய்யும். அதைத் தடுக்க, டயர் செய்யும்போதே கலவையில் ஒருவகை மெழுகையும் அமீன் வகை இரசாயனத்தையும் சேர்க்கிறார்கள். இன்றைய டயர்களில் பெரும்பாலும் 6பிபிடி என்பது. இவை கலவைக்குள் அடங்கிக் கிடப்பவை அல்ல. மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஊறி வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுபவை; ஓசோனை முதலில் தாங்கள் வாங்கிக்கொண்டு ரப்பரைக் காப்பது அவற்றின் வேலை. அப்படி வாங்கிக்கொள்ளும்போது அந்த அமீன் பழுப்பாக மாறுகிறது. நெடுநாள் ஓடாமல் நின்ற காரின் டயர் பழுப்பேறிக் காண்பது இதனால்தான். கறுப்பு டயரில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியாது; அதன் மேல் வெள்ளை பூசினால், நம் பூச்சு அந்தக் கறையை உறிஞ்சும் ஒற்றுத்தாளாகிவிடுகிறது. வெள்ளை விளிம்பு டயரை ஆலையில் செய்பவர்கள் இதை அறிந்தே, வெள்ளை ரப்பருக்கும் கறுப்பு ரப்பருக்கும் இடையே கறை ஊறாத தடுப்பு அடுக்கு ஒன்றை வைத்துச் சேர்த்து வல்கனைஸ் செய்கிறார்கள், அதாவது கந்தகத்தோடு சூட்டில் வேகவைத்து இறுக்குகிறார்கள். அந்த வெள்ளையின் மேல் மெல்லிய கறுப்புத் தோல் ஒன்றையும் போர்த்தி, டயர் வெந்து வெளிவந்த பிறகு வேண்டிய அகலத்துக்கு அதை அரைத்தெடுத்து வெள்ளையை வெளிக்காட்டுகிறார்கள்.

இதைக் கேள்விப்பட்ட சிலர், எந்த டயரையும் கிரைண்டரால் அரைத்தால் உள்ளே வெள்ளை வரும் என்று நம்புகிறார்கள். என்னிடமும் ஒருவர் அப்படிச் சொன்னார். கறுப்பு டயராகவே செய்யப்பட்டதில் உள்ளே வெள்ளை இருக்காது, டயருக்கு வலுக் கொடுக்கும் நூலிழைதான் இருக்கும். பக்கச்சுவரில் அந்த நூலிழையை மூடியிருக்கும் ரப்பர் சில மில்லிமீட்டர் கனம்தான். அதை அரைத்து மெலியவைத்த டயரில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டுவது கூடாது. அழகுக்காகச் செய்யும் எந்த வேலையும் பக்கச்சுவரில் ஒரு கீறலைக்கூட உண்டாக்கக் கூடாது என்பதை நான் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டேன்.

டயர் பிறந்தபோது அதன் இயல்பான நிறமே வெளிர் நிறம்தான். ரப்பர் பால் வெள்ளை. அதில் சேர்த்த துத்தநாக ஆக்சைடும் வெள்ளை. மிஷெலின் நிறுவனம் 1898-இல் உருவாக்கிய டயர் மனிதன் இன்றும் வெள்ளை உடம்போடு நிற்பது அந்தக் காலத்தின் மிச்சம். தேய்மானத்தைக் குறைக்கக் கார்பன் கரியைச் சேர்க்கும் வழக்கம் 1910-களில் பரவியபோது, கரி விலை கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்ததால் தரையில் தேயும் பகுதிக்கு மட்டும் அதைச் சேர்த்து, பக்கங்களை வெள்ளையாகவே விட்டவர்களும் உண்டு. பிற்பாடு முழுக் கறுப்பு டயரே பொதுவாகிவிட, வெள்ளைப் பக்கம் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கும் அலங்காரமானது. ஃபோர்டு 1934-இல் தன் புதிய கார்களுக்கு அதை அப்படித்தான் விற்றது. 1950-களில் அகன்று கிடந்த இந்த வெள்ளை, 1962 வாக்கில் ஓர் அங்குல அளவுக்கு மெலிந்துவிட்டது. எங்கள் வண்டி 1968-இல் பம்பாயில் பிறந்ததாயினும் அதன் உடலமைப்பு 1953-இல் இத்தாலியில் வெளிவந்த 1100/103-இன் வழிவந்தது. அதனால் ரிம்மை ஒட்டித் தொடங்கும் அகல வளையம் இதற்குப் பொருந்தும் என்பது என் தீர்மானம். மெல்லிய கோடாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் முறை உதவாது.

பூச்சு உதவாது, அரைப்பது கூடாது என்றான பிறகு மிஞ்சியது தனி வளையம். டயரின் விளிம்புக்கும் ரிம்மின் மடிப்புக்கும் நடுவே வெள்ளை ரப்பர் வளையத்தின் உள்ளோரத்தைச் செருகிவிட்டுக் காற்றடித்தால், டயரே அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வளையங்களைத் தனியாகவே விற்றார்கள். இதில் ஒன்றை மறக்கக் கூடாது: ட்யூப் போட்ட டயருக்கே இது தகும். ட்யூப்லெஸ் டயரில் விளிம்பும் ரிம்மும் ஒட்டி நிற்பதால்தான் காற்று நிற்கிறது; நடுவே ரப்பரைச் செருகினால் கசியும். ரேடியல் டயரின் பக்கச்சுவர் அதிகமாகப் பிதுங்குவதால் அதிலும் வளையம் உரசித் தேய்க்கும். என்னுடையது ட்யூப் போட்ட கிராஸ்பிளை டயர், அதாவது நூலிழைகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை என்பதால் துணிந்தேன்.

வெள்ளை ரப்பருக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தபோது, "நம்ம வீட்டுல இல்லாத ரப்பரா?" என்று அம்மா கேட்டார்கள். கேள்வி நியாயமானது. வீட்டைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள். விடியுமுன் பால்வெட்டு, பிறகு பாலை டிஷ்ஷில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் பிழிந்து, புகைப்புரையில் தொங்கவிடுவது என்று பிறந்தது முதல் பார்த்து வருகிறோம். ஆனால் புகையில் காய்ந்த ஷீட் தேன் நிறத்தில் இருக்கும். அதை எவ்வளவு வெள்ளைப் பொடி போட்டாலும் தூய வெள்ளைக்குக் கொண்டுவர முடியாது. வெள்ளைப் பொருள்களுக்கென்றே வெளிர் கிரேப் என்ற ரகம் உண்டு. பாலில் இயற்கையாக உள்ள மஞ்சள் நிறப் பொருளைப் பகுதி உறைவு முறையில் நீக்கி, சோடியம் பைசல்பைட்டு சேர்த்து நிறம் கறுக்காமல் தடுத்து, புகை காட்டாமல் காற்றிலேயே உலர்த்துவார்கள். அதைத் தேடியே எல்லை கடந்தேன். ரப்பர் பாய்களும் புஷ்களும் செய்யும் அந்தப் பட்டறையில் இரட்டை உருளை மில்லும், இரண்டடிச் சதுரத் தட்டுள்ள பிரஸ்ஸும் இருந்தன. வெளிர் கிரேப்பும் கையிருப்பு இருந்தது.

5 கிலோவுக்குக் குறைந்து மில்லில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். அதற்கு 3 கிலோ 100 கிராம் கிரேப் பிடித்தது. நூறு பங்கு ரப்பருக்கு 15 பங்கு டைட்டானியம் டை ஆக்சைடு, 35 பங்கு கால்சியம் கார்பனேட், 5 பங்கு துத்தநாக ஆக்சைடு, 2 பங்கு ஸ்டீரிக் அமிலம், 2.2 பங்கு கந்தகம், ரப்பர் வேகும் வேகத்தைக் கூட்டும் ஆக்சிலரேட்டர் என்ற இரசாயனம் ஒரு பங்குக்குச் சற்று மேல், கறைபடுத்தாத ஃபீனால் வகைப் பாதுகாப்பான் ஒரு பங்கு என்பது அவர்களோடு பேசி முடிவு செய்த கலவை. அமீன் வகை எதுவும் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொன்னேன். அதைச் சேர்த்தால் நாமே கறையை உள்ளே வைத்துக் கட்டுவதாகும். வேலைக்கு முன் மில் உருளைகளை வெறும் கிரேப் துண்டு விட்டு மூன்று முறை துடைத்தெடுத்தார்கள். முந்தைய நாள் ஓட்டிய கறுப்புக் கலவையின் ஒரு துணுக்கு போதும், ஐந்து கிலோவும் சாம்பல் நிறமாகிவிடும். கந்தகத்தைக் கடைசியில்தான் போட்டார்கள். முன்னதாகப் போட்டால் உருளையின் சூட்டிலேயே ரப்பர் பாதி வெந்துவிடும்.

மில்லிலிருந்து இறங்கிய பட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்த பட்டறைப் பெரியவர், "வெளுப்பு போரா, குறச்சு நீலம் இடணம்" என்றார்; வெளுப்பு போதாது, கொஞ்சம் நீலம் போட வேண்டும் என்று பொருள். வேட்டிக்குப் போடும் அதே நீலத்தின் வகையான அல்ட்ராமரீன் பொடி, எண்ணி 3 கிராம். உருளைகளுக்கு நடுவே அது முதலில் ஊதா நிறக் கோடுகளாக ஓடி, பட்டையை மடித்து மடித்து விடவிடக் கோடு மெலிந்து, ஏழெட்டு மடிப்புக்குப் பின் எங்கே போனது என்று தெரியாமல் மறைந்தது. பட்டை மட்டும் கண்ணுக்குக் குளிர்ந்து வெளுத்திருந்தது. அரை நாள் நின்று பார்த்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தச் சில நிமிடங்கள்தாம்.

முதல் தகடு 150 டிகிரியில் 20 நிமிடம் பிரஸ்ஸில் கிடந்து வெண்ணெய் நிறத்தில் வந்தது. இயற்கை ரப்பர் அளவுக்கு மீறி வெந்தால் பிணைப்பு தளர்ந்து மஞ்சளிக்கும். அடுத்ததைப் பத்தே நிமிடத்தில் எடுத்தோம். வெள்ளையும் நின்றது, இழுத்து விட்டால் சுருங்கும் வேகமும் நன்றாக இருந்தது. 2 மில்லிமீட்டர் கனத்தில், பக்கத்துக்கு 48 சென்டிமீட்டர் சதுரமாக, மஞ்சளித்ததையும் சேர்த்து எட்டுத் தகடுகள் தேறின.

வெட்டுவதற்கு ஒரு நீளமான ஒட்டுப்பலகைத் துண்டில் ஒரு முனையில் ஆணியும் மறுமுனையில் கத்தி அலகும் பொருத்திக் கவராயம் செய்துகொண்டேன். ரப்பரை உலர்ந்த கத்தியால் வெட்டினால் அலகு பிடித்துக்கொண்டு ஓரம் பல் பல்லாக வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்து வெட்டினால் வாழைத்தண்டை அறுப்பது போல் வழுக்கிக்கொண்டு போகும். ரிம் மடிப்பின் வெளிவிட்டம் 390 மில்லிமீட்டர். அதற்குள் 10 மில்லிமீட்டர் செருகி, வெளியே 45 தெரிய வேண்டும் என்பதால் உள்விட்டம் 370, வெளிவிட்டம் 480 என்று கணக்கிட்டு, முதலில் மஞ்சளித்த தகட்டையே மாதிரிக்கு வெட்டினேன். தகட்டின் மூலைகள் தவிர வேறு இடம் மிஞ்சவில்லை. மாட்டிக் காற்றடித்தபோது உள்ளோரம் கச்சிதமாக இருந்தது. வெளியோரமோ பாவாடைக் கரை போல் அலையலையாக நின்றது.

அன்றிரவு ஒரு தாளில் அதே வளையத்தைச் சிறிதாக வெட்டி, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் தோளில் படியவைத்துப் பார்த்ததும் காரணம் பிடிபட்டது. டயரின் பக்கம் தட்டையானதல்ல. ரிம்மிலிருந்து வெளிநோக்கிச் சரிந்து உப்பி நிற்பது. தட்டையாக வெட்டிய வளையம் அந்தச் சரிவில் சாயும்போது அதன் வெளியோரம் இன்னும் சிறிய வட்டத்துக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. சுற்றளவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உபரியாகி, போக்கிடம் இல்லாமல் அலையாக எழும்புகிறது. ஆகவே வளையத்தை இழுத்துப் போடும்படிச் சிறிதாக வெட்ட வேண்டும். உள்விட்டம் 350, வெளிவிட்டம் 460 என்று மாற்றினேன். மாட்டும்போது நாலைந்து விழுக்காடு விரிகிறது. வெளியோரம் தானாகவே டயரைத் தழுவிக்கொள்கிறது. விரிந்ததில் அகலம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தது தவிர வேறு நட்டமில்லை. வெளியோரத்தின் மேல்முனையை உப்புத்தாளில் சாய்வாகத் தேய்த்து மெலியவைத்தேன். காற்று உள்ளே புகுந்து தூக்காமல் இருக்க இது அவசியம். தயாரான வளையம் ஒவ்வொன்றும் 170 கிராம் சுமார் இருந்தது. நான்கையும் தராசில் நிறுத்து, எடை நெருங்கியவற்றை முன் சக்கரங்களுக்கு ஒதுக்கினேன்.

மாட்டும் வேலையை அண்ணாச்சியே செய்தார். ரிம்மின் மடிப்பில் இருந்த துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, ரெட் ஆக்சைடு பூசிக் காயவைத்திருந்தேன். துரு முனை இருந்தால் வளையம் அங்கே கிழியும். டயரை ரிம்மில் முழுவதும் ஏற்றிய பின், காற்றில்லாத நிலையில் வெளிப்பக்க விளிம்பை உள்ளே தள்ளி, அந்த இடைவெளியில் வளையத்தைச் சுற்றிலும் செருகினார். வளையத்தின் பின்பக்கம் முழுவதும் பிரெஞ்சு சாக் என்ற வழவழப்பான டால்க் பொடியைத் தடவியிருந்தோம். அது உரசலைக் குறைக்கும். கறுப்பு ரப்பரோடு ஒட்டிக்கொள்ளாமலும் காக்கும். முதலில் 10 பவுண்டு மட்டும் அடித்து, ரிம் விளிம்பிலிருந்து வளையத்தின் ஓரம் வரை எட்டு இடங்களில் அளந்தேன். ஓரிடத்தில் 41, எதிர்ப்புறத்தில் 47. காற்றை இறக்கி, கையால் தள்ளிச் சரிசெய்து, மறுபடி அடித்து, மறுபடி அளந்து, நான்காவது முறை எல்லா இடமும் 43-க்கும் 45-க்கும் நடுவே வந்தபோதுதான் 35 பவுண்டு வரை ஏற்றி விளிம்பை உட்காரவைத்து, பிறகு வழக்கமான அளவுக்கு இறக்கினோம். ஒரு சக்கரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இதில் அவசரப்பட்டால் சக்கரம் சுற்றும்போது வெள்ளை தள்ளாடுவது தூரத்திலிருந்தே தெரியும். எல்லாம் மாட்டிய பிறகு நான்கையும் பேலன்ஸ் செய்துகொண்டோம்.

தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டையும் வளையங்கள் பார்த்துவிட்டன. இதுவரை 1,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் போவதில்லை. 500 கிலோமீட்டர் ஆனதும் ஒரு பின் சக்கரத்தின் வளையத்தைக் கழற்றிப் பார்த்தோம். டயரின் கறுப்பில் வளையம் உரசிய இடம் பிறை வடிவில் சற்றே பளபளத்தது. அதன் ஓரத்தில் செம்மண் தூள் நூல் போலப் படிந்திருந்தது. விரலால் தடவியபோது பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை, நூலிழையும் தெரியவில்லை. தூளைக் கழுவி, புதிதாகச் சாக் தடவி மாட்டினோம். அதன் பிறகு பஞ்சர் பார்க்கும்போதெல்லாம் இதைச் செய்கிறோம். வளையம் மாட்டிய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை விடவே கூடாது.

கழுவுவதற்குச் சோப்பும் தேங்காய் நார்த் தூரிகையும் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் அருகில் கொண்டுவரக் கூடாது, வளையம் ஊதிப்போகும். நிறத்தைப் பொறுத்தவரை, முகப்பு வெள்ளையாகவே இருக்கிறது. ரிம்மை ஒட்டிய உள்ளோரத்தில் மட்டும், கறுப்பு ரப்பரோடு எந்நேரமும் அழுந்தியிருக்கும் இடத்தில், விரல் அகலத்துக்குப் பழுப்பு ஊறத் தொடங்கியிருக்கிறது. 2 மில்லிமீட்டர் கனம் அதைத் தாமதப்படுத்துகிறதே தவிர நிறுத்தவில்லை. மீதமிருந்த மூன்று தகடுகளில் ஒன்றை ஸ்டெப்னிக்கு வெட்டிவிட்டேன். மற்ற இரண்டையும் சாக் தூவி, கறுப்புத் துணியில் சுற்றி, வெயில் படாமல் மடிக்காமல் கட்டிலுக்கு அடியில் பரப்பி வைத்திருக்கிறேன். முன் சக்கரங்களின் வளையம் நிறம் மாறும்போது அவை வேண்டியிருக்கும்.